மூன்றாம் வேலை

அந்த அக்கா ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் அதைத் தொடமாட்டார். வேறு ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துவிட்டுத்தான் அதனிடம் போவார். அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இந்த ஒரு பழக்கத்தைத் தாண்டி அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இதையும் நான் கேலி செய்வதற்குத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

சாந்த்ராகாச்சியில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு நர்ஸிங் ஹோம். நான்கு மாடி, ஒரு லிஃப்ட், அதுவும் பாதி நாள் ஓடாது. கீழே வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது நான். என் கவுன்ட்டருக்குப் பின்னால் கதவில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எழுதி அடுக்கி வைப்பது அக்கா. அவர் கணவருக்கு ரயில்வேயில் வேலை, கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். தினமும் இரண்டாவது ஹூக்ளி பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருவார். வங்காளிகளுக்கு அவர் 'தீதி'. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் இங்கேயே, தமிழர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வங்காளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தமிழோ அம்மா திட்டும்போது காதில் விழுந்த தமிழ்.

அவருக்கு நிதானம் என்றால் எனக்கு அவசரம். பஸ் நிற்பதற்குள் இறங்குவேன், எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் சொல்வேன். சேர்ந்த முதல் வாரமே அவரோடு முட்டிக்கொண்டேன். அவர் ஒரு கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். போன் வந்தது, எடுத்துப் பேசினார், வைத்தார். நான் ஷீட்டுக்காக நிற்கிறேன். அவர் பாட்டுக்கு எழுந்து மாடிப்படி ஓரம் போய், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அந்த ஷீட்டு?"

"இருப்பா. இப்பதானே அதை விட்டுட்டுப் போன் பேசினேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கும்."

"எது?"

"அந்த வேலைதான், வேற எது? உடனே போய் நின்னா முகம் குடுக்காது. நடுவுல மூணாவதா ஒண்ணு பாத்துட்டுப் போனா கோவம் தணிஞ்சிருக்கும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாலு ஜோடி சேர்ந்ததும் வந்து உட்கார்ந்து, விட்ட சொல்லிலிருந்து எழுதி முடித்தார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதற்கு 'மூணாம் வேலை' என்று அன்றைக்கு நான் பேர் வைத்தேன். அவரும் கோபப்படாமல் அதையே எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் இரு, என் மூணாம் வேலையை முடிச்சுக்கறேன்" என்பார்.

அதற்கு அவரிடம் சட்டதிட்டம் உண்டு. டீ குடிப்பது சேராது. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது சேராது. "சும்மா உக்காந்தா ரெண்டு வேலையும் உள்ளுக்குள்ள இழுபறி பண்ணும்" என்பார். புத்தி அதில் கொஞ்சமாவது போக வேண்டும், ரொம்பவும் போகக் கூடாது. செருப்பு ஜோடி சேர்ப்பதை அடித்துக்கொள்ள வேறு வேலை இல்லை என்பது அவர் கட்சி. இடது எது வலது எது என்று பார்க்க வேண்டும், ஆனால் தப்பானால் யாருக்கும் நஷ்டமில்லை. பார்வையாளர்கள் அதிகம் வராத நாட்களில் பழைய ஃபைல்களுக்கு நூல் கோப்பார்.

ஒரு முறை பொங்கலுக்கு என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ரசத்தை அடுப்பில் ஏற்றிய நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அக்கா 'பௌதி', அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மா, சங்கராந்திக்குச் செய்த பிட்டே என்ற அரிசிப் பலகாரத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்று இருவரும் வங்காளத்தில் பத்து நிமிஷம் பேசினார்கள். அக்கா உள்ளே வந்தார், அடுப்பைப் பார்த்தார், நேராகப் போய்க் கட்டிலில் கிடந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார். ரசம் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் கேஸை அணைத்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"ரசம் கொதிக்கக் கூடாதும்பாங்க தம்பி. எங்க வீட்டு ரசத்துக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது" என்றார் என்னிடம். "இருபத்தெட்டு வருஷமா இவளோட மூணாம் வேலைக்கு நான்தான் நாலாம் ஆளு."

அக்கா துணி மடித்தபடியே சொன்னார்: "உடனே போயிருந்தா உப்பை ரெண்டு தடவை போட்டிருப்பேன். பரவால்லயா?"

அன்று சாப்பிட்டுக்கொண்டே, இது மறதியா என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். "மறதின்னா தானா போறது தம்பி. இது நாமளே அமுக்கறது. பௌதிகிட்டப் பேசணும்னா ரசத்தை உள்ள போட்டு அமுக்கினாத்தான் பேச முடியும். கையை எடுத்த உடனே எந்திரிச்சு வந்து நில்லுன்னா அது நிக்குமா?"

"எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"படிச்சதில்ல. பட்டது."

என்ன பட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பாயசம் வந்துவிட்டது.

பாஷைகளைப் பற்றியும் அவருக்கு இதே கணக்குத்தான். ஷீட் எழுதுவது இங்கிலீஷில், பேசுவது வங்காளத்தில். நெடுஞ்சாலையில் நிற்கும் தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் காய்ச்சல், அடி என்று வந்தால் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பது அவர்தான். அது அவர் வேலை இல்லை, யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவும் இல்லை. ஆசையாகப் போவார். தமிழ் பேச ஆள் வந்திருக்கிறது என்றால் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்திருப்பார். ஆனால் அதற்கு முன் செருப்புப் பக்கம் போயாக வேண்டும்.

"இங்கிலீஷ் சாது. வான்னா வரும், போன்னா போகும். தமிழ் அப்படியில்ல. எப்பவும் முந்திக்கிட்டு நிக்கும். அதனால வங்காளம் பேசறப்ப அதைத்தான் ரொம்ப அமுக்கி உக்கார வைக்கணும். ரொம்ப அமுக்கினது எந்திரிக்க நேரமாகும்" என்பார். உண்மைதான். வங்காளிகளோடு நீளமாகப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினால் ஒரு கணம் என்னை யாரோ போலப் பார்ப்பார். வாயைத் திறப்பார், மூடுவார், பிறகு "போலோ" என்பார். என்னிடம் வங்காளத்தில் 'சொல்லு' என்கிறார் என்று அவருக்கே தெரியாது.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? அக்கா லீவில் இருந்த ஒரு நாள், தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். நான்தான் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வங்காளத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மற்றச் சொல்லெல்லாம் வங்காளமும் 'கால்' மட்டும் தமிழுமாக, "இவருக்குக் கால் வலி" என்றேன். வங்காளத்தில் 'கால்' என்றால் நேற்று. நாளை என்றும் சொல்லலாம். டாக்டர், "நேற்று வலித்ததா? சரி, இன்று?" என்றார். நான் இன்னும் அழுத்தி, "கால், கால்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாளைக்கு வலிக்கும் என்று இன்றைக்கே எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மறுநாள் இதைக் கேட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "ஒரே சத்தம் ரெண்டு வீட்லயும் குடியிருக்கறது தொல்லைதான்" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் பழக்கத்தை நான் ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு ஷீட் எழுதிக்கொண்டிருந்தபோது வேண்டுமென்றே வேறொரு ஃபைலைத் தேடச் சொன்னேன். தேடிக் கொடுத்ததும், "அந்த ஷீட்டை உடனே மேலே கேட்கறாங்க அக்கா, எழுதுங்க எழுதுங்க" என்று தலைமேல் நின்றேன். பாவம், நம்பி உட்கார்ந்தார். ஒருவருடைய ஷீட்டில் இன்னொருவருடைய படுக்கை எண்ணை எழுதினார். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"என்னை வச்சு வேடிக்கை பாக்காத தம்பி. இது வெறும் பேப்பர் இல்ல. மேல ஆளுங்க படுத்திருக்காங்க."

அதன் பிறகு நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அவரை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இப்போது நான் நியூ டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரை, மேசையில் மொபைல். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பதுதான் உத்தியோகம். போன வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மனம் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது முந்தையதை அமுக்கிவிட்டுத்தான் போகிறது, அமுக்கியதற்கே உடனே திரும்பினால் தடுமாறுகிறது என்று ஒரு பெண் படம் போட்டு விளக்கினார். எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு அந்த மழைக்காலத்துக் காலை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று விடிந்ததிலிருந்து மழை. கீழே கூட்டம் நிற்க இடமில்லை, முக்கால்வாசிப் பேர் சளியும் காய்ச்சலும். இரண்டு டாக்டர்களில் ஒருவர் வரவில்லை. இன்னொருவர் சின்ன வயது, நல்லவர், ஆனால் ஒருவரே எத்தனை பேரைப் பார்ப்பார்? அக்கா மாடியில் இருந்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிற தமிழ்ச் சமையல்காரர் ஒருவருக்கு, எதைத் தூக்கலாம் எதைத் தூக்கக் கூடாது என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, எக்ஸ்ரேயைக் காணோம் என்று ஒரு வங்காளிக் குடும்பம் கீழே சண்டைக்கு நின்றது. அக்கா இறங்கி வந்தார். கால் மணி நேரம் வங்காளத்தில் அவர்களோடு மல்லுக்கட்டி, எக்ஸ்ரேயைத் தேடிக் கொடுத்து, சமாதானம் பண்ணி அனுப்பினார்.

அதற்குள் பக்கத்து லாரிக்காரர் யாரோ ஒருவர், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். நாமக்கல் டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, டாக்டர் எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தமிழைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "தீதியைக் கூப்பிடு, சீக்கிரம்" என்று கத்தினார்.

அக்கா அப்போதுதான் செருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"செருப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அக்கா. டாக்டர் கத்தறார். தமிழ் ஆள் வந்திருக்கு."

"ஒரு நிமிஷம் விடுப்பா."

"ஒரு நிமிஷத்துல பத்துப் பேரைப் பாக்கணும் அவர். வாங்க நீங்க."

இழுத்துக்கொண்டு போனேன். அவர் கை சில்லென்று இருந்தது. டாக்டர் எதிரே நிறுத்தினேன்.

டிரைவர் தலை நிமிராமலேயே பேசினார். "வவுறு பொரட்டுதுங்க. கண்ணு தொறக்க மாட்டேங்குதுங்க. நாக்கு தடிச்சுக் கெடக்குதுங்க."

அக்கா டாக்டரிடம் திரும்பினார். வயிறு புரட்டுகிறது என்பதை வங்காளத்தில் சரியாகச் சொன்னார். அடுத்து, "கான் குல்ச்சே நா" என்றார். அதற்கடுத்து, "நாக் பாரி ஹொயே ஆச்சே" என்றார்.

வங்காளத்தில் 'கான்' என்றால் காது. 'நாக்' என்றால் மூக்கு. கண் திறக்கவில்லை என்று டிரைவர் சொன்னது, காது அடைத்திருக்கிறது என்று டாக்டரிடம் போனது. நாக்கு தடித்திருக்கிறது என்று சொன்னது, மூக்கு கனத்திருக்கிறது என்று போனது. காதும் மூக்கும் அடைத்திருந்தால் மழைக்காலத்தில் அது என்ன? சளி. டாக்டர் மாத்திரை எழுதினார், ஆவி பிடிக்கச் சொன்னார், அடுத்தவரைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பாஷையும் எனக்குத் தெரியும். ஆனால் என் கண் வரிசையின் மேல் இருந்தது.

ஷீட் தயாராகும் வரை டிரைவரை நடையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். துண்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

அக்கா தன் அறைக்குப் போய் அவருக்குக் கேஸ் ஷீட் போட உட்கார்ந்தார். அதற்கு முன்னால் இன்னும் சில ஷீட்டுகள் பாக்கி. டிரைவருடைய முறை வந்தபோது, என்ன தொந்தரவு என்ற இடத்தில் இங்கிலீஷில் எழுதினார். கை 'கண்' என்று எழுதியது. கண்களைத் திறக்க முடியவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வாய் காது என்று சொல்லியிருக்கிறது, கை கண் என்று எழுதுகிறது. பிறகுதான் அந்த ஆள் பேசிய தமிழ் அவர் காதில் தமிழாக விழுந்திருக்கிறது.

ஆறு வருஷத்தில் அக்கா ஓடி அன்றுதான் பார்த்தேன். நாற்காலி பின்னால் சாய, கையில் பேனாவோடு ஓடினார். "சோக்! டாக்டர்பாபு, கான் இல்ல, சோக்! நாக் இல்ல, ஜிப்!" கண், நாக்கு என்று சரியான வங்காளச் சொற்களையும், நடுவில் தமிழ் 'இல்ல'வையும் கலந்து கத்தினார். டாக்டர் எழுந்து வந்து பெஞ்சின் எதிரே மண்டியிட்டுத் துண்டை விலக்கினார். இமைகள் இரண்டும் பாதிக்குமேல் விழுந்து கிடந்தன. அவர் தூங்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணைத்தான் திறக்க முடியவில்லை.

"ராத்திரி எங்க படுத்தான்னு கேளுங்க" என்றார் டாக்டர்.

அக்கா தரையில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். "ராத்திரி எங்கப்பா படுத்த?"

"லாரிக்கு... அடியிலீங்க. தார்ப்பா... விரிச்சு." வார்த்தைகள் குழறிக்குழறி வந்தன.

டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "காலாச்." வங்காளத்தில் மழைக்காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. தமிழில் கட்டுவிரியன் என்போம். தூங்குகிறவனைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. முதலில் வயிறு, பிறகு இமை, நாக்கு, கடைசியில் மூச்சு. டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். அக்காவும் ஏறிக்கொண்டார். பாலம் முழுக்க நெரிசல். "கண்ணு தொறக்க முடியாதவனுக்குக் காதாவது நம்ம பேச்சு கேக்கட்டும்னு பேசிக்கிட்டே போனேன்" என்று பிறகு சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "என்னத்தைப் பேசறது? ரசம் எப்படி வெக்கணும்னு சொன்னேன்" என்றார்.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. சில நாள் மூச்சுக் கருவியில் இருந்தார். ஊரிலிருந்து மனைவி வந்தார். ஊர் திரும்புவதற்கு முன் இருவரும் எங்கள் நர்ஸிங் ஹோமுக்கு வந்தார்கள், அக்காவைப் பார்த்துக் கும்பிட. அந்த அம்மா காலில் விழக் குனிந்தபோது அக்கா பிடித்து நிறுத்தினார்.

"விழாதம்மா. உன் புருஷன் கண்ணுன்னு சொன்னதை நான்தான் காதுன்னு சொன்னேன். நாக்குன்னு சொன்னதை மூக்குன்னு சொன்னேன். இருபது நிமிஷம் என்னாலதான் போச்சு. அந்த இருபது நிமிஷத்துல என்ன வேணா ஆயிருக்கும்."

டிரைவர் சிரித்தார். "உடுங்கக்கா. இந்த ஊர்ல என் பேச்சைக் கேட்டது நீங்க ஒருத்தருதானுங்க. தப்பாக் கேட்டாலும் கேட்டீங்கல்ல."

மனைவி சிரிக்கவில்லை. அக்காவின் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான். நான் கவுன்ட்டரில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அக்கா டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் வந்தால் நான் போனேன். கதவில்லாத அந்த அறையிலிருந்து அவருக்கு எல்லாம் கேட்கும். யாராவது தமிழில் வலியைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் பேனா நின்றுவிடும். நான் தடுமாறினால் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். பிறகு குனிந்துகொள்வார். அவருக்கு அந்த நர்ஸிங் ஹோமில் ஆசையாக இருந்தது அந்த ஒன்றுதான். அடுத்த வருஷம் கணவர் ரிட்டயர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

நான் சொல்ல வேண்டியது அந்த மழை நாளுக்கு மறுநாள் காலையில் நடந்ததைத்தான். டிரைவர் பிழைப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாத நேரம். மேனேஜர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நடந்ததை எழுதித் தர ஒரு படிவம் இருந்தது. அக்காவையே எழுதச் சொன்னார்.

"நீங்கள் செருப்பு அடுக்குவது எனக்கும் தெரியும் தீதி. அதை முடிக்காமல் நீங்கள் யாரிடமும் போகமாட்டீர்கள் என்று நர்ஸுகள் சொல்கிறார்கள். நேற்று மட்டும் ஏன் போனீர்கள்? யார் கூப்பிட்டது?"

நான் கதவோரம் நின்றேன். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் தற்காலிகமாகவே ஓட்டியிருந்தேன், வேலையில் நிரந்தரம் ஆக அப்போது எனக்கு இரண்டு மாதம் இருந்தது. அக்கா சொல்லட்டும், பிறகு ஆமாம் என்று ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பேச வந்திருக்கும்.

"கேவு நா" என்றார் மேனேஜரிடம். "ஆமி நிஜேயி கேச்சி." யாருமில்லை, நானாகத்தான் போனேன்.

எழுதினார். என்ன கேட்டார், என்ன சொன்னார், எப்போது ஓடி வந்தார் என்று எதையும் மறைக்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். அழைத்தவர் யார் என்ற கட்டத்தில், தானாக வந்தது என்று எழுதினார். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீயும் அங்கேதானே இருந்தாய்? படித்துப் பார்."

படித்தேன். சாட்சி என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.